காலடியில் பனியா, மண்ணா? பேரரசப் பெங்குயினும் அரசப் பெங்குயினும்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் மூலையில் ஒட்டிய ஒரு படத்தில் தொடங்கியது இந்தப் பேச்சு. படத்தின் கீழே ‘பேரரசப் பெங்குயினும் குஞ்சும்’ என்று எழுதியிருந்ததாம். படத்தில் இருந்ததோ பழுப்பு நிறக் குஞ்சு, பின்னால் புல்தரை. ஆசிரியை, மாணவர்கள், பெற்றோர் என்று பலரும் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழில் சேர்த்தே பதில் தருகிறோம். ஆங்கிலத்தில் எம்பரர் எனப்படுவது பேரரசப் பெங்குயின். கிங் எனப்படுவது அரசப் பெங்குயின்.

கேள்வி: இரண்டுக்கும் காதோரம் மஞ்சள் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. இணையத்தில் தேடினால் ஒரே படத்துக்கு இரண்டு பெயரும் வருகின்றன. பிள்ளைகளுக்குத் தவறில்லாமல் சொல்லிக்கொடுக்க எதைப் பார்க்க வேண்டும்? (ஆசிரியை, சுங்கை சிப்புட்)

டீச்சர், பறவையைப் பார்ப்பதற்கு முன் அதன் காலடியைப் பாருங்கள். புல், சேறு, கூழாங்கல், ஓடை இவற்றில் ஏதாவது தெரிந்தால் அது அநேகமாக அரசப் பெங்குயின்தான். அதன் வீடு அண்டார்க்டிகா அல்ல. அதற்கு வடக்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள்: சவுத் ஜார்ஜியா, குரோசே, கெர்கெலன், மரியன், ஹேர்ட், மக்குவாரி, பால்க்லாந்து. பேரரசப் பெங்குயினோ அண்டார்க்டிகாக் கரையை ஒட்டி உறைந்து நிற்கும் கடல்பனியின் மேல் முட்டையிடுவது. பெரும்பாலான பேரரசப் பெங்குயின்கள் வாழ்நாளில் மண்ணை மிதிப்பதே இல்லை எனலாம்.

ஆனால் சவுத் ஜார்ஜியாவிலும் பனி கொட்டும். ஆகவே படத்தில் வெண்பனி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அடுத்துக் காதோரத்தைப் பாருங்கள். அரசப் பெங்குயினுக்கு அடர்ந்த ஆரஞ்சு நிறம், நீர்த்துளி வடிவம், சுற்றிலும் கறுப்பு எல்லை. பேரரசப் பெங்குயினுக்கு அந்தத் திட்டு வெளிறிய மஞ்சள். கீழ்ப்பக்கம் எல்லை கிடையாது, மஞ்சள் அப்படியே நெஞ்சின் வெள்ளையில் கரைந்துவிடும். அலகும் உதவும். அரசனுக்கு நீண்டு மெலிந்த அலகு, கீழ் அலகில் அகலமான ஆரஞ்சுப் பட்டை. பேரரசனுக்கு உடம்போடு ஒப்பிட்டால் குட்டையான அலகு, கீழே மெல்லிய இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த கோடு. கால் தெரியும் படமாக இருந்தால், பேரரசனின் காலில் விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும். அரசனின் கணுக்கால் வெறுமையாக இருக்கும்.

குஞ்சு இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பேரரசக் குஞ்சு சாம்பல் வெள்ளி நிறம். தலை கறுப்பு, கண்ணைச் சுற்றி முகம் வெள்ளை. அரசக் குஞ்சு தலை முதல் கால் வரை ஒரே பழுப்பு; உடம்பெல்லாம் கம்பளி போர்த்தியது போலத் தெரியும். பெற்றோரோடு இதற்கு எந்த ஒற்றுமையும் இல்லாததால் பழைய கடலோடிகள் சிலர் இதைத் தனி இனம் என்றே குறித்து வைத்தார்கள்.

உயரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு பொருள் இல்லாத படத்தில் உயரம் ஏமாற்றும். உண்மையில் வித்தியாசம் பெரியது: அரசன் 85 முதல் 95 செ.மீ., 11 முதல் 16 கிலோ. பேரரசன் 100 முதல் 120 செ.மீ., பருவத்தைப் பொறுத்து 22 முதல் 45 கிலோ வரை. நடுத்தரமான பேரரசனைத் தூக்குவது 10 கிலோ அரிசிப் பைகள் மூன்றைச் சேர்த்துத் தூக்குவது போல. அரசனுக்கு அதில் ஒன்றரைப் பை போதும்.

கேள்வி: பேரரசப் பெங்குயின் ஏன் கடுங்குளிர்காலத்தில் முட்டையிடுகிறது? கோடையில் இட்டால் குஞ்சுக்குச் சுகமாக இருக்காதா? (ஆறாம் ஆண்டு மாணவன், சுங்கை சிப்புட்)

தம்பி, நல்ல கேள்வி. ஒரு நாட்காட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணிப் பார். அங்கே குளிர்காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். கோடை டிசம்பர், ஜனவரி. கோடையில் கடல்பனி உடைந்து போய்விடும். ஆகவே குஞ்சு டிசம்பர், ஜனவரிக்குள் தண்ணீர் ஒட்டாத இறகு முளைத்துக் கடலுக்குப் போயாக வேண்டும். கடலில் இரை நிறைந்திருப்பதும் அப்போதுதான்.

குஞ்சு வளர ஏறத்தாழ 5 மாதம் வேண்டும். டிசம்பரிலிருந்து 5 மாதம் பின்னே போனால் ஜூலை. அப்போது முட்டை பொரிய வேண்டும். அடைகாக்க 65 நாள் பிடிக்கும். இன்னும் பின்னே போனால் மே மாதம். அதற்கு முன் ஜோடி தேட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எனவே மார்ச் கடைசி, ஏப்ரலில், கடல் புதிதாக உறையும்போதே பறவைகள் பனிமேல் நடந்து கூடுமிடத்துக்கு வந்துவிடுகின்றன. கோடையில் முட்டையிட்டால் குஞ்சு பாதி வளரும்போது குளிர்காலம் வந்து நிற்கும். குளிரை முட்டையின்மேலும் தந்தையின்மேலும் போட்டுவிட்டு, குஞ்சுக்குக் கோடையை மிச்சம் வைக்கும் ஏற்பாடு இது.

இவ்வளவு அவசரப்படுத்தியும் குஞ்சு கடலில் இறங்கும்போது பெற்றோரின் எடையில் பாதிதான் இருக்கும். மீதியைக் கடலில்தான் தின்று வளர்க்க வேண்டும்.

அரசப் பெங்குயினுக்கு இந்தக் கணக்கே இல்லை. காலடியில் மண், அது உருகாது. அதனால் அது வேறு வழி எடுத்துக்கொண்டது. கீழே தோட்டத்து ஐயா ஒருவர் கேட்டிருப்பதும் அதைத்தான்.

கேள்வி: ஓர் அரசக் குஞ்சு பெரிதாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று பேரப்பிள்ளை படித்துச் சொன்னான். அவ்வளவு நாள் யார் தீனி போடுவது? குளிர்காலத்தில் மீன் கிடைக்குமா? (பால்மரத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்)

ஐயா, பேரன் சொன்னது சரி. பெற்றோர் பழைய இறகை உதிர்த்து முட்டையிடத் தயாராவதிலிருந்து குஞ்சு கடலுக்குப் போவது வரை 14 முதல் 16 மாதம் ஆகிறது.

நவம்பரில் ஒரு முட்டை இட்டதாக வைத்துக்கொள்வோம். 54 நாளில், ஜனவரியில், பொரியும். பெற்றோர் இருவரும் மாறி மாறிக் கடலுக்குப் போய் மீன் கொண்டு வருவார்கள். பெரும்பாலும் விளக்குமீன் என்னும் சிறு ஆழ்கடல் மீன்கள். ஏப்ரல், மே வரும்போது குஞ்சு கொழுத்துப் பெரிய பறவையின் எடையை நெருங்கிவிடும். பிறகு குளிர்காலம். விளக்குமீன் கூட்டம் எட்டாத ஆழத்துக்கும் தொலைவுக்கும் போய்விடும். பெற்றோரும் தெற்கே பல நூறு கிலோமீட்டர் போய்விடுவார்கள். குஞ்சுகள் கூட்டமாகக் கரையில் நின்று, சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு காத்திருக்கும். இரண்டு தீனிகளுக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விழும். நான்கைந்து மாதம் வரை ஒன்றும் கிடைக்காமல் நின்று பிழைத்த குஞ்சுகளும் உண்டு. அதற்குள் எடை பாதியாகிவிடும். செப்டம்பரில் பெற்றோர் திரும்பி வந்து ஊட்டி, குஞ்சு தேறி, பழுப்புத் தூவி உதிர்ந்து, நவம்பர், டிசம்பரில் கடலுக்குப் போகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் குஞ்சை அனுப்பிவிட்டுப் பெற்றோர் பழைய இறகை உதிர்க்க வேண்டும், உடம்பைத் தேற்ற வேண்டும். அதனால் அடுத்த முட்டை ஜனவரி கடைசி, பிப்ரவரி என்று தள்ளிப்போகும். அந்தக் குஞ்சுக்குக் குளிருக்கு முன் கொழுக்க நேரம் போதாது. பெரும்பாலும் குளிர்காலத்தில் இறந்துவிடும். கணக்குப்படி மூன்று வருடத்தில் இரண்டு குஞ்சுகள் வளர்க்க முடியும். நடைமுறையில் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்பதே அதிகம். ஒரு தீவில் ஒரே நாளில் முட்டையும், சின்னக் குஞ்சும், பெரிய பழுப்புக் குஞ்சும் சேர்ந்து இருப்பதற்குக் காரணம் இதுதான். பேரரசன் கூடுமிடத்தில் அப்படிக் காண முடியாது. அங்கே எல்லாக் குஞ்சுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கேள்வி: அப்பாவே அடைகாக்கும் பறவை என்று மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு இனத்திலும் அப்படித்தானா? அம்மா எங்கே போகிறாள்? (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

அம்மா, நீங்கள் சொன்னது பேரரசனுக்கு முழுதும் பொருந்தும், அரசனுக்குப் பாதிதான் பொருந்தும்.

இரண்டுமே கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டை, அதைக் காலின் மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடி வைத்துக்கொள்கின்றன. பேரரசி ஏறத்தாழ 460 கிராம் முட்டையை இட்டுக் கொஞ்ச நேரத்தில் கணவன் காலுக்கு மாற்றுகிறாள். இந்த மாற்றலில்தான் பிழை நேர்வது. முட்டை பனியில் உருண்டு சற்று நேரம் கிடந்தாலே உறைந்துவிடும். புதிய ஜோடிகள் பல இங்கேதான் முட்டையை இழக்கின்றன. பிறகு அவள் கடலுக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புவாள். முட்டையிட அவள் செலவழித்த உடம்பு தேற வேண்டாமா?

தந்தை அந்த 65 நாளும் தனியாகக் காக்கிறான். ஜோடி தேடிய நாளையும் சேர்த்தால் ஏறத்தாழ 115 நாள் பட்டினி. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில் இது தனி ஆளால் முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்கள் நெருக்கி ஒட்டி நிற்கிறார்கள். கூட்டத்தின் நடுவே வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும். சில நேரம் 37 வரைகூட அளந்திருக்கிறார்கள். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை எல்லாரும் 5 முதல் 10 செ.மீ. நகர்கிறார்கள், அந்தச் சின்ன நகர்வால் கூட்டம் மெல்லப் புரண்டு, விளிம்பில் நிற்பவனுக்கும் உள்ளே இடம் கிடைக்கிறது. இதற்காகப் பேரரசன் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறான்: ‘இது என் இடம்’ என்று சண்டை போடுவதில்லை.

அரசன் அப்படியில்லை. அலகு எட்டும் தூரத்துக்குள் அடுத்தவன் வந்தால் கொத்துவான். ஒவ்வொருவரும் அளந்து வைத்தது போன்ற இடைவெளியில் நிற்பதைப் படங்களில் காணலாம். இங்கே தாயும் தந்தையும் முறை வைத்து அடைகாக்கிறார்கள். முட்டை இட்டதும் முதல் முறை தந்தைக்கு, ஏறத்தாழ இரண்டு வாரம், பிறகு தாய், இப்படியே 54 நாள். கடல் பக்கத்திலேயே இருப்பதால் இது முடிகிறது. பேரரசனுக்குக் குளிர்காலத்தில் கடல்விளிம்பு பல பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை போய்வர வழியில்லை.

குஞ்சு பொரியும் நாளில் தாய் வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? இதில் இரண்டு இனத்துத் தந்தையரும் எடுக்கும் வழி வேறு வேறு. பேரரசன் தன் உணவுக்குழாயிலிருந்து புரதமும் கொழுப்பும் நிறைந்த, தயிர் போன்ற ஒன்றைச் சுரந்து சில நாள் ஊட்டுவான். நான்கு மாதம் சாப்பிடாத உடம்பிலிருந்து அது வருகிறது. அரசனோ கடைசி முறைக்கு வரும்போதே வயிற்றில் மீனைச் செரிக்காமல் வைத்திருப்பான்; உடம்புச் சூட்டிலும் அது வாரக்கணக்கில் கெடாது. கிருமியைத் தடுக்கும் ஒரு புரதத்தை அவன் இரைப்பையில் கண்டுபிடித்து ஸ்பெனிசின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ‘உடல் பெரிதானால் சூடு நிற்கும், கூட்டமாக நின்றாலும் நிற்கும்’ என்பதைச் செய்து காட்ட வேண்டும். செலவில்லாத சோதனை சொல்லுங்கள். (படிவம் 2 மாணவி)

முதல் பாதிக்குக் கணக்கே போதும். 90 செ.மீ. அரசனை அதே வடிவத்தில் 115 செ.மீ. பேரரசனாகப் பெரிதாக்கு. உயரம் 1.28 மடங்கு. மேற்பரப்பு அதன் வர்க்கம், 1.63 மடங்கு. கனஅளவு அதன் கனம், 2.09 மடங்கு. 14 கிலோ அரசன் 29 கிலோ ஆகிறான். அது பேரரசனின் உண்மையான எடைக்குள் அழகாக வந்து விழுகிறது. சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. ஒரு கிலோ உடம்புக்கு உள்ள மேற்பரப்பு 1.63 வகுத்தல் 2.09, அதாவது அரசனுடையதில் 78 விழுக்காடுதான். அதிலும் பேரரசனின் அலகும் துடுப்பும் உடம்பின் அளவுக்குச் சிறியவை. சூடு தப்பும் வாசல்கள் இன்னும் குறைகின்றன.

கூட்டத்துக்கு, ஒரே அளவிலான 8 பால் டின்களைச் சேர்த்து லேபிளை உரித்துக் கழுவிக்கொள். ஒவ்வொன்றுக்கும் 300 மில்லிலிட்டர் நீர் என்று 2.4 லிட்டர் வேண்டும். சாராயத் தெர்மாமீட்டர் 3. பாதரசம் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. அட்டையில் 8 மூடி வெட்டி, மூன்றில் மட்டும் தெர்மாமீட்டர் நுழையும் துளை போடு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஏழும் இடைவெளியில்லாமல் அமரும். அவற்றை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டு. எட்டாவதை ஒரு மீட்டர் தள்ளித் தனியாக வை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே தடிமனான அட்டை போடு. சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சும்.

வீட்டில் பெரியவர் ஒருவரை 75 டிகிரி அளவுக்கு நீரைச் சூடாக்கி ஊற்றச் சொல். அளக்கப்போகும் மூன்று டின்களுக்கும், அதாவது நடு, விளிம்பு, தனி ஆகியவற்றுக்கு, கடைசியாக ஊற்றுங்கள். மூன்றும் 70 டிகிரிக்கு வந்ததும் நேரத்தைத் தொடங்கி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் குறித்து வை. தனி டின் முதலில் ஆறும், விளிம்பு அடுத்து, நடு டின் கடைசி.

முடிவு குழம்பினால் இவற்றைப் பார். மூடி சரியாக மூடாவிட்டால் நீராவியாகவே சூடு போய்விடும். எட்டும் ஒரே வேகத்தில் ஆறும், வித்தியாசம் தெரியாது. இதுதான் அதிகம் நடக்கும் பிழை. மேலே காற்றாடி சுழன்றால் அதன் பக்கமுள்ள டின் பொய் சொல்லும். தெர்மாமீட்டர் டின் சுவரைத் தொட்டாலும் அளவு தவறும். தொடங்குமுன் மூன்று தெர்மாமீட்டரையும் ஒரே நீரில் விட்டுப் பார்; ஒன்று 1 டிகிரி கூடக் காட்டினால் கடைசியில் கழித்துவிடு. அரை மணியில் நிறுத்திவிடாதே, நம் ஊர் வெக்கையில் வித்தியாசம் மெதுவாகத்தான் தெரியும்.

இரண்டாம் முறை காற்றாடியை வேண்டுமென்றே போட்டுச் செய். தனி டின்னும் விளிம்பும் படும் பாட்டில் பனிக்காற்றின் வேலை புரியும். மூன்றாம் முறை 20ஆம் நிமிடத்தில் விளிம்பு டின்னை நடுவுக்கு மாற்றிப் பார். டின்னுக்கு இறகும் இல்லை, உள்ளே கொழுப்பை எரிக்கும் உயிரும் இல்லை என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடு. கேட்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: பனிக்கரடி பெங்குயினைத் தின்னுமா? இரண்டில் எது ஆழம் முங்கும்? (பல மாணவர்கள்)

தின்னாது. பனிக்கரடி வடக்கே, பெங்குயின் தெற்கே. இரண்டும் சந்திப்பதே இல்லை. கடலில் சிறுத்தைச் சீலும் ஓர்கா திமிங்கிலமும்தான் எதிரிகள். அரசக் குஞ்சுகளுக்குக் கரையிலும் ஸ்குவா, பெரும் பெட்ரல் பறவைகளால் ஆபத்து. முங்குவதில் பேரரசனுக்கு நிகர் வேறு பறவை இல்லை: 564 மீட்டர் ஆழமும், 32 நிமிட மூச்சடக்கமும் பதிவாகியிருக்கின்றன. அரசன் 300 மீட்டரைத் தாண்டுவான்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஆசை. எங்கே போவது? (ஒரு தந்தை)

லங்காவியில் உள்ள அண்டர்வாட்டர் வேர்ல்டில் பெங்குயின் உண்டு, ஆனால் அவை ஆப்பிரிக்கப் பெங்குயினும் ராக்ஹாப்பரும். அரசப் பெங்குயினைப் பார்க்க சிங்கப்பூர் மண்டாயில் 2023இல் திறந்த பேர்ட் பாரடைஸ் போகலாம். பேரரசனை நம் பக்கத்தில் எங்கும் காண முடியாது. வைத்திருக்கும் இடங்கள் மிகச் சில: அமெரிக்காவில் சான் டியேகோ, ஜப்பானில் நகோயா, வக்காயாமா முதலியவை. கடுங்குளிரும் துருவத்துப் பகல் இரவு மாற்றமும் செயற்கையாக உண்டாக்க வேண்டும் என்பதால் செலவு கடுமை. அரசன் அவ்வளவு பிடிவாதம் இல்லை. எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் 1919இலேயே குஞ்சு பொரித்தது.

போனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். இறகு பிய்ந்து, அசையாமல் ஓரமாக நிற்கும் பறவையைப் பார்த்துப் பிள்ளைகள் ‘சீக்காக இருக்கிறது’ என்பார்கள்; அநேகமாக அது இறகு உதிர்க்கும் பறவை. புது இறகு முளைக்கும் வரை, ஏறத்தாழ ஒரு மாதம், தண்ணீர் உள்ளே புகும் என்பதால் அது நீரில் இறங்காது. விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நின்று, அடிவயிறு தொங்கும் பறவை தெரிந்தால் நின்று கவனியுங்கள். மடிப்புக்குள் முட்டை இருக்கலாம்.

கேள்வி: உலகம் சூடாகிறது என்கிறார்கள். இரண்டில் எது முதலில் அழியும்? (ஆசிரியர் ஒருவர்)

ஐயா, பேரரசன் நிலைமைதான் அதிகக் கவலை தருவது. அதன் தரையே உருகுகிறது. 2022இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் கடல்பனி முன்கூட்டியே உடைந்தது. அங்குள்ள ஐந்து கூடுமிடங்களில் நான்கில் அந்த வருடக் குஞ்சுகள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. தண்ணீர் ஒட்டாத இறகு முளைப்பதற்கு முன் கடலில் விழுந்த குஞ்சு பிழைக்காது. அதே வருடம் அமெரிக்கா இந்த இனத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று சட்டப்படி பட்டியலிட்டது.

அரசன் எண்ணிக்கையில் மிகுதி, ஏறத்தாழ 16 லட்சம் ஜோடிகள். மக்குவாரித் தீவில் எண்ணெய்க்காகப் பெங்குயின்களைக் கொதிக்க வைத்த தொழில் 1919இல் நின்ற பிறகு அவை மீண்டும் பெருகின. அதற்காக ‘மண்ணில் இருப்பவன், கவலையில்லை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். குரோசேயில் உள்ள கொஷோன் தீவில் 1980களில் 5 லட்சம் ஜோடிகள் இருந்தன; 2015 முதல் 2017 வரை செயற்கைக்கோள் படங்களில் எண்ணியபோது 60,000 அளவுக்குத்தான் இருந்தது. தரை அப்படியே இருந்தாலும் இரை இடம் மாறலாம். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் இடத்தில்தான் விளக்குமீன் திரளும். கடல் சூடானால் அந்த எல்லை தெற்கே நகரும், தீவு நகராது. பெற்றோர் போய்வரும் தூரம் கூடக் கூட, கரையில் நிற்கும் குஞ்சின் பட்டினி நீளும்.

பேரரசன் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்க்கிறது. கடல்பனி பிந்தி உறைந்த வருடங்களில், சில கூட்டங்கள் அருகிலுள்ள பனியடுக்கின் மேல் ஏறி முட்டையிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டியிருக்கின்றன. நிலத்துப் பனியாறுகள் கடலுக்குள் நீண்டு மிதப்பது இந்தப் பனியடுக்கு. கடல்பனியைவிடப் பலமடங்கு தடிமன், கோடையிலும் நிற்கும். ஆனால் அதன் விளிம்பு பல இடங்களில் 30 மீட்டர் வரை செங்குத்துச் சுவர். சரிவு உள்ள இடத்தில் மட்டுமே பறவை ஏற முடியும்.